போட்ட ஊசியை என்ன செய்வது? வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

சர்க்கரை நோய்க்கு வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்பவர்களிடம், “போட்ட ஊசியை என்ன செய்வீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். “மூடியைப் போட்டுக் குப்பையில் போட்டுவிடுவேன்” என்பார் ஒருவர். இன்னொருவர் செய்தித்தாளில் நாலு சுற்று சுற்றுவார். பால் கவரில் கட்டிப் போடுகிறவர் உண்டு. கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறவர் உண்டு. தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைக்கிறவரும் உண்டு. இவர்களில் யாரும் அலட்சியக்காரர்கள் இல்லை. ஊசி யாரையும் குத்திவிடக் கூடாது என்ற எண்ணத்தில்தான் ஆளுக்கொன்றைச் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கவனம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. வாசலைத் தாண்டிய பிறகு அந்த ஊசி எத்தனை கைகளைக் கடக்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை.

கணக்கு சின்னதில்லை. காலையும் இரவும் இன்சுலின் போடும் ஒருவர், ஒவ்வொரு முறையும் புது ஊசி எடுத்தால், ஆண்டுக்கு 730 ஊசி. சாப்பாட்டுக்கு ஒன்றாக மூன்றும் இரவில் ஒன்றும் போடுகிறவருக்கு 1,460. சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் லான்செட் தனி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். இவர்களில் இன்சுலின் போடுபவர்கள் ஒரு பகுதிதான் என்றாலும், தினமும் வீடுகளிலிருந்து வெளியேறும் ஊசிகள் எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இன்சுலினை வைத்தே இங்கே விளக்குகிறோம். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி, குழந்தைப்பேறு சிகிச்சை ஊசி, படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வீட்டுக்கு வந்து போடும் ஊசி எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

முள்ளும் ஊசியும் ஒன்றா?

காலில் முள் தைத்தால் பிடுங்கி எறிந்துவிட்டு நடக்கிறோம். ஊசி குத்தினால் மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம்?

இளநீர் குடித்துவிட்டு ஸ்ட்ராவை வெளியே எடுத்துப் பாருங்கள். வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடலாம். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் துளி அப்படியே இருக்கும், ஊதினால்தான் வரும். மருத்துவ ஊசியும் ஒரு குழாய்தான். தோலுக்குள் போய் வரும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமோ திசு நீரோ அந்தக் குழாய்க்குள் தங்கிவிடும். வெளியே பார்த்தால் சுத்தமாக, பளபளவென்று இருக்கும். அந்த ஊசி இன்னொருவர் தோலைத் துளைத்தால், உள்ளே தங்கியது அவர் உடம்புக்குள் நேராகப் போய்ச் சேர வழி கிடைக்கிறது.

இப்படித் தோலைத் துளைக்கவோ கிழிக்கவோ கூடிய மருத்துவக் கழிவுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் ‘கூர்முனைக் கழிவு’ என்கிறோம். பென் ஊசி (பேனா வடிவ இன்சுலின் கருவியில் மாட்டும் ஊசி), ஊசியோடு கூடிய சிரிஞ்ச், லான்செட், அறுவை பிளேடு, உடைந்த மருந்துக் குப்பி எல்லாம் இதில் அடங்கும். பயன்படுத்திய ஊசி தவறுதலாக இன்னொருவரைக் குத்துவது ‘ஊசிக்குத்துக் காயம்’.

ஊசிக்குத்துக் காயத்தால் பரவும் நோய்களில் முக்கியமானவை மூன்று. நோயுள்ளவருக்குப் போட்ட ஊசி மருத்துவமனை ஊழியர்களைக் குத்திய நிகழ்வுகளை வைத்து மருத்துவ உலகம் போட்டிருக்கும் கணக்கு இது: ஹெபடைடிஸ் பி, தடுப்பூசி போடாதவராக இருந்தால் 100-ல் 30 பேர் வரை, ஹெபடைடிஸ் சி, 100-ல் ஏறக்குறைய 2 பேர், எச்.ஐ.வி., 1,000-ல் 3 பேர். முதல் இரண்டும் கல்லீரலைத் தாக்கும் வைரஸ்கள். மக்கள் ‘மஞ்சள் காமாலை பி’, ‘மஞ்சள் காமாலை சி’ என்று சொல்வது இவற்றைத்தான்.

குப்பையில் கிடந்த இன்சுலின் ஊசி குத்தினால் ஆபத்து இதைவிடக் குறைவு. ஊசி மெல்லியது, ரத்தம் மிகச் சிறிதளவுதான், அதுவும் காய்ந்திருக்கும். ஆனாலும் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். “எனக்குத்தான் அந்த நோய் எதுவும் இல்லையே” என்பது அடுத்த வாதம். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் உடம்பில் இருக்கக்கூடியவை. பரிசோதித்துப் பார்க்காதவர் இல்லை என்று சொல்ல முடியாது. அப்படியே உங்களுக்கு இல்லை என்றாலும், குத்துப்பட்டவருக்கு அது தெரியாது. யாருடைய ஊசி என்று தெரியாமல், ரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் அலைந்து, மாதக்கணக்கில் பயத்தோடு காத்திருப்பது அவருக்கு மிச்சமாகும்.

சுருக்கமாக: ஊசி ஒரு குழாய், உள்ளே தங்கிய ரத்தம் கண்ணுக்குத் தெரியாது, ஒரு வாரம் கழித்தும் அதில் நோய்க்கிருமி இருக்கலாம்.

வாசலுக்கு வெளியே என்ன நடக்கிறது

வீட்டுக் குப்பையைத் தூய்மைப் பணியாளர் வாங்குகிறார். தரம் பிரிக்காமல் கொடுத்திருந்தால் பேட்டரி வண்டியின் பக்கத்தில் நின்றபடியே கையால் கிளறி, மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்கிறார். கிராமமானால் அதே வேலையைத் தூய்மைக் காவலர் செய்கிறார். அங்கிருந்து உரக்கிடங்குக்கோ, பிளாஸ்டிக், காகிதம் பிரிக்கும் மையத்துக்கோ போகிறது. அங்கே மறுபடியும் கைகள். கடைசியில் குப்பை மேட்டில் பாட்டில் பொறுக்குபவரின் கைகள். துணிக் கையுறையோ ரப்பர் கையுறையோ ஊசியைத் தடுக்காது; அவை அழுக்கும் ஈரமும் படாமல் இருக்கத்தான். பையை இறுகக் கட்டி, அழுத்தி, தோளில் போடும்போது ஊசி பையைத் துளைத்து முதுகிலும் தொடையிலும் குத்தும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முழுசாகக் கிடைக்கும் சிரிஞ்சைக் கழுவி, புதுசுபோல் பொட்டலம் கட்டி விற்பவர்கள் இருந்திருக்கிறார்கள். 2009-ல் குஜராத்தின் மோடாசா நகரத்தில் ஹெபடைடிஸ் பி கொத்தாகப் பரவிப் பல உயிர்களைப் பறித்ததற்குக் காரணம், ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சை மீண்டும் பிறருக்குப் பயன்படுத்தியதுதான். அந்த நிகழ்வுக்குப் பிறகு மருத்துவக் கழிவு எங்கே போகிறது என்ற கேள்வி பெரிதாக எழுந்தது.

வழக்கமாகச் செய்வதில் என்ன பிழை

மூடியைத் திரும்பப் போட்டுக் குப்பையில் போடுவது. இதில் இரண்டு தவறு. ஒரு கையில் ஊசி, மறு கையில் மூடி என்று பிடித்துச் செருகும்போதுதான் விரலில் குத்திக்கொள்ளும் விபத்து அதிகம் நடக்கிறது. பிறகு அந்த மூடி சும்மா செருகியதுதான், திருகிப் பூட்டியதில்லை. குப்பை வண்டியில் அழுத்தம் பட்டதும் கழன்றுவிடும்.

காகிதத்தில் சுற்றுவது, பால் கவரில் போடுவது. இவை ஊசியை மறைக்கும், தடுக்காது. கண்ணில் படுகிற ஊசியைக் கண்டு ஒதுங்கலாம். பொட்டலத்துக்குள் இருப்பதைப் பணியாளர் சாதாரணக் குப்பை என்று நினைத்து அழுத்துவார். வெறுமனே போட்ட ஊசியைவிட மறைத்துப் போட்ட ஊசி மோசம் என்றே சொல்வோம்.

கையால் வளைப்பது, உடைப்பது. வளைக்கும்போது நுனி எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. உடைந்த துண்டு பாயில், மெத்தையில், துணியில் போய்த் தைத்துக்கொள்ளும். இரண்டு நாள் கழித்துக் குழந்தையின் முட்டியில் ஏறும்.

கழிப்பறையில் போடுவது. அது செப்டிக் டேங்கில் வண்டலோடு உட்கார்ந்திருக்கும். டேங்கைச் சுத்தம் செய்ய வருகிறவருக்கோ, அடைப்பு எடுக்கிறவருக்கோ அது காத்திருக்கிறது.

புதைப்பது. ஊசி துருப்பிடிக்காத எஃகு. மண்ணில் எளிதில் மக்காது. தென்னைக்கு அடுத்த முறை பாத்தி கட்டும்போது மேலே வரும்.

எரிப்பது. துருப்பிடிக்காத எஃகு உருக 1,400 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும். வீட்டு நெருப்பில் பிளாஸ்டிக் மட்டும் நச்சுப்புகையாகப் போகும். சாம்பலுக்குள் ஊசி ஊசியாகவே இருக்கும்.

டப்பாதான் முக்கியம்

சமையலறையில் கத்திக்கு உறை வைத்திருப்பதுபோல், ஊசிக்கு ஒரு கெட்டியான கூடு வேண்டும். கடையில் ‘ஷார்ப்ஸ் கன்டெய்னர்’ என்று கேட்டால் அதற்கென்றே செய்த பெட்டி கிடைக்கும். வாங்க முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் கவலை வேண்டாம், காலியான வீட்டு டப்பாவே போதும். அதைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும்.

துணி துவைக்கும் திரவ சோப்பு வந்த பாட்டில், ஃபினாயில் கேன், சமையல் எண்ணெய் வந்த கெட்டிக் கேன், என்ஜின் ஆயில் டப்பா இவை பொருத்தமானவை. பெரும்பாலும் எச்.டி.பி.இ. என்ற தடித்த பிளாஸ்டிக்கால் ஆனவை. டப்பாவின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் அது எச்.டி.பி.இ. 5 என்று இருந்தால் பாலிபுரோப்பிலீன். சுவர் தடிமனாக இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம். 1 என்று இருந்தால் தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக். மெல்லியது, அழுத்தினால் ஊசி துளைத்து வந்துவிடும்.

எண் தெரியவில்லையா? கட்டைவிரலால் பாட்டிலின் வயிற்றில் அழுத்திப் பாருங்கள். ‘டக்’கென்று உள்ளே போனால் வேண்டாம். விரல் நோகும் அளவு அழுத்தியும் அசையாமல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடி திருகும் மூடியாக இருக்க வேண்டும். வாய் ஊசி போகிற அளவு அகலமாகவும், குழந்தையின் கை நுழையாத அளவு குறுகலாகவும் இருப்பது நல்லது. பென் ஊசிக்கு ஒரு லிட்டர் பாட்டில் சரி. வெளிமூடியோடு தினம் இரண்டு போட்டால் தோராயமாக ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். ஊசி பிரியாத இன்சுலின் சிரிஞ்ச் நீளமானது, இடத்தை அடைக்கும். அதற்கு 2 லிட்டர், 5 லிட்டர் கேன் வேண்டும்.

கண்ணாடி ஜாடி வேண்டாம். கீழே விழுந்தால் ஊசியும் கண்ணாடிச் சில்லும் சேர்ந்து சிதறும். குளிர்பானத் தகர டின் வேண்டாம். அது நசுங்கும், மூடியும் கிடையாது. ஊசி வாங்கிய அட்டைப் பெட்டியும் வேண்டாம்.

பாட்டிலைக் கழுவி, காயவைத்து, பழைய லேபிளைக் கிழித்துவிடுங்கள். இதைத் தவறவிடக் கூடாது. எண்ணெய், சோப்பு லேபிளோடு இருக்கும் கேனைப் பார்த்தால் பழைய பொருள் பொறுக்குபவர் திறக்கத்தான் செய்வார். அழியாத மார்க்கர் பேனாவால் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: “பயன்படுத்திய ஊசிகள். திறக்காதீர்கள்.” எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிய, பக்கத்தில் ஓர் ஊசியின் படம் வரைந்து சிவப்பில் பெருக்கல் குறி போடுங்கள்.

டப்பாவை வைக்கும் இடம், நீங்கள் ஊசி போட உட்காரும் இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கிறது என்பதற்காக டப்பாவையும் சமையலறையில் வைக்க வேண்டியதில்லை. ஊசியைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடக்காமல் இருந்தால் போதும். உள்ளே டெட்டாலோ ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரோ ஊற்ற வேண்டாம். குறுகிய ஊசிக் குழாய்க்குள் அது ஒழுங்காகப் போகாது. கேன் சாய்ந்தால் அழுக்குத் தண்ணீர் கொட்டுவதுதான் நடக்கும்.

இதுவரை சொன்னது: கெட்டிப் பிளாஸ்டிக், திருகு மூடி, தெளிவான எழுத்து, கைக்கு எட்டும் இடம்.

குத்தி எடுத்த அந்தப் பத்து விநாடி

விபத்து பெரும்பாலும் நடப்பது ஊசி தோலிலிருந்து வெளியே வந்ததற்கும் டப்பாவுக்குள் விழுவதற்கும் இடையில். எனவே ஊசி போடுவதற்கு முன்பே டப்பாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு ஒரு கையில் ஊசியோடு மறு கையால் மூடியைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம்.

பென் வைத்திருப்பவர்களுக்கு: பென் ஊசிக்கு இரண்டு மூடி உண்டு. உள்ளே ஊசியை ஒட்டி ஒரு சின்ன மூடி, வெளியே ஒரு பெரிய மூடி. ஊசியைப் பென்னில் மாட்டியதும் சின்ன மூடியைக் குப்பையில் போட்டுவிடுங்கள். அதைத் திரும்பப் போடவே கூடாது; விரல் குத்துப்படுவது பெரும்பாலும் அதைப் போடப் போய்த்தான். பெரிய மூடியை மேசை மேல் வாய் திறந்தபடி வையுங்கள். இன்சுலின் போட்டு, மருந்து முழுவதும் இறங்கப் பத்து எண்ணி, ஊசியை வெளியே எடுங்கள். மேசையில் இருக்கும் பெரிய மூடிக்குள், அதைக் கையால் பிடிக்காமல், பென்னை ஒரே கையால் இறக்குங்கள். உட்கார்ந்ததும் மூடியைப் பிடித்து இடப்பக்கமாகத் திருகினால் ஊசி மூடியோடு கழன்று வரும். அப்படியே டப்பாவில் போடுங்கள்.

அடுத்த முறைக்கும் ஆகட்டும் என்று ஊசியைப் பென்னிலேயே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அதன் வழியாகக் காற்று உள்ளே போகும், இன்சுலின் கசியும், அடுத்த முறை அளவு தப்பும். ஒரே ஊசியைப் பல நாள் குத்தினால் நுனி வளைந்து, வழுவழுப்புக்காகப் பூசிய சிலிக்கோன் தேய்ந்து, வலி கூடும். ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருப்பதோடு இதுவும் சேர்ந்தால் தோலுக்கடியில் கொழுப்பு கட்டிதட்டும். அந்த இடத்தில் போட்ட இன்சுலின் ஒரு நாள் வேகமாகவும் ஒரு நாள் மெதுவாகவும் இறங்கும். ஊசி விலை பலருக்குச் சுமை என்பது உண்மை. ஆனால் குப்பை குறையட்டும் என்பதற்காக மட்டும் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறீர்கள் என்றால் விட்டுவிடுங்கள்.

சிரிஞ்ச் வைத்திருப்பவர்களுக்கு: இந்தியாவில் குப்பியிலிருந்து எடுக்க அதிகம் பயன்படுவது சிவப்பு மூடி போட்ட யு-40 சிரிஞ்ச் (ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கானது). பெரும்பாலானவற்றில் ஊசி பிரிக்க முடியாதபடி பதிந்தே வரும். மூடியைத் திரும்பப் போடாதீர்கள். முழு சிரிஞ்சையும் ஊசிப் பக்கம் கீழே இருக்கும்படி நேராக டப்பாவுக்குள் விடுங்கள், அவ்வளவுதான். டப்பா பக்கத்தில் இல்லாமல் மூடியே ஆக வேண்டிய நிலை வந்தால், மூடியை மேசையில் படுக்க வைத்து, ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்து நிமிர்த்துங்கள். கரண்டியால் அள்ளுவதுபோல. ஊசி முழுக்க மூடிக்குள் மறைந்த பிறகே அடுத்த கை அதன் பக்கம் வர வேண்டும்.

லான்செட்: விரலில் குத்திச் சொட்டு ரத்தம் எடுக்கும் குட்டி ஊசி. இதில் குழாய் இல்லை, முள்போலத் திடமானது. ஆனால் நுனியில் ரத்தம் படிந்தே இருக்கும். குளுக்கோமீட்டரோடு வந்த கருவியில் லான்செட்டைத் தள்ளிவிடும் பொத்தான் இருந்தால், டப்பாவின் வாய்க்கு மேல் பிடித்து அழுத்துங்கள். ஒரே கருவியை வீட்டில் இரண்டு பேர் பயன்படுத்தக் கூடாது, லான்செட்டை மாற்றினாலும் கூடாது.

அப்பாவுக்கு மகளோ, மாமியாருக்கு மருமகளோ ஊசி போடுகிற வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். தன் ஊசி தன்னையே குத்தினால் அது தன் ரத்தம். இங்கே அப்படியில்லை. மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஊசியை அதற்குள் செருகும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும்.

காலியான பென்னில் ஊசி இல்லை என்றால் அது கூர்முனைக் கழிவில்லை. ரத்தம் பட்ட பஞ்சு, டெஸ்ட் ஸ்டிரிப் இவற்றைக் காகிதத்தில் மடித்து, சானிட்டரி நாப்கின் போடும் பையோடு கொடுக்கலாம். டப்பாவில் போட்டு இடத்தை அடைக்க வேண்டாம்.

முக்கால் நிறைந்ததும்

டப்பாவை முக்கால்வரைதான் நிரப்ப வேண்டும். அதற்கு மேல் போனால், இன்னும் ஒன்றுக்கு இடம் இருக்கிறதா என்று விரலால் அமுக்கத் தோன்றும். அமுக்கினால் குத்தும். முக்கால் நிறைந்ததும் மூடியை இறுகத் திருகி, அட்டைப் பெட்டி ஒட்டும் அகலமான டேப்பால் மூடியையும் கழுத்தையும் சேர்த்து இரண்டு சுற்று ஒட்டுங்கள். பிறகு எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். மோதிரம் விழுந்துவிட்டது என்றாலும் கை விடாதீர்கள்.

இனி யாரிடம் கொடுப்பது? இங்கேதான் பெரும் குழப்பம். “மருத்துவமனைக் கழிவுக்குத்தான் சட்டம் உண்டு, வீட்டுக் கழிவுக்கு ஒன்றும் இல்லை” என்று பரவலாகச் சொல்கிறார்கள். அது தவறு. 2016-ல் வந்த உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளிலேயே வீட்டுக்கும் இடம் இருக்கிறது: வீட்டில் உண்டாகும் மருத்துவக் கழிவைப் பிரித்துத் தனிப் பையிலோ டப்பாவிலோ உள்ளாட்சியின் குப்பை சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும், நகர உள்ளாட்சி அமைப்பு, மருத்துவக் கழிவு சுத்திகரிப்பு மையத்தோடு ஏற்பாடு செய்துகொண்டு அதை அங்கே சேர்க்க வேண்டும். அதே ஆண்டு வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும், பயன்படுத்திய ஊசியையும் சிரிஞ்சையும் ‘வீட்டு அபாயக் கழிவு’ என்ற வகையில் சேர்த்தன. காலாவதியான மருந்து, டியூப் லைட், பேட்டரி, உடைந்த பாதரச வெப்பமானி எல்லாம் அதே வகைதான். இவற்றை வாங்கிவைக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் அமைக்கும்படியும் அந்த விதிகள் சொல்லின.

விதி இருக்கிற எல்லா ஊரிலும் ஏற்பாடு நடைமுறையில் இல்லை என்பது வருத்தமான உண்மை. அதனால் இந்த வரிசையில் முயன்று பாருங்கள்.

முதலில், நீங்கள் சிகிச்சை பெறும் மருத்துவமனை அல்லது சர்க்கரை நோய் கிளினிக். அவர்களிடம் ஊசிக்கென்றே வெள்ளை நிறப் பெட்டி இருக்கும். கழிவு வண்டியும் அங்கே வரும். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, “வீட்டில் சேர்ந்த ஊசியை வாங்கிக்கொள்வீர்களா?” என்று செவிலியரிடம் கேளுங்கள். மாட்டோம் என்று சொல்லும் இடங்களும் உண்டு. ஆனால் நோயாளிகள் கேட்கக் கேட்கத்தான் இந்த வழக்கம் வரும்.

கிராமத்தில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடமும், எங்கே ஒப்படைக்கலாம் என்று விசாரிக்கலாம்.

இரண்டும் நடக்கவில்லை என்றால் தூய்மைப் பணியாளரிடம் கையில் கொடுங்கள். குப்பைக் கூடைக்குள் போட்டு வாசலில் வைத்துவிடாதீர்கள். “இதில் இன்சுலின் ஊசி இருக்கிறது, மூடி ஒட்டியிருக்கிறது, தனியாக வையுங்கள்” என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். டப்பாவில் எழுதியிருப்பது பையின் அடியில் போனால் யாருக்கும் தெரியாது, சொன்னது அவருக்கு நினைவிருக்கும். அவர் அதை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை என்றால் வார்டு சுகாதார ஆய்வாளரிடம் கேட்க வேண்டியது நம் வேலை, அவர் வேலை இல்லை. பதில் வரும்வரை டேப் ஒட்டிய டப்பா வீட்டிலேயே இருக்கலாம். அது அழுகாது, நாறாது. அவசரப்பட்டுத் தெருமுனைத் தொட்டியில் போடுவதைவிட இரண்டு மாதம் பரண் மேல் இருப்பது எவ்வளவோ மேல்.

காயலான் கடைக்கு மட்டும் போகவே கூடாது, டப்பாவாகவும் கூடாது, தனித்தனி சிரிஞ்சாகவும் கூடாது.

வெளியூர் போகும்போது வைட்டமின் மாத்திரை வந்த சின்னக் கெட்டி டப்பா ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும் அதை மூடியபடியே பெரிய டப்பாவுக்குள் போட வழியிருந்தால் போடுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொட்டி மாற்ற வேண்டாம்.

அங்கே போன பிறகு என்ன ஆகிறது

சுத்திகரிப்பு மையத்தில் ஊசிக்கு நடப்பது இரண்டு: கிருமியைக் கொல்வது, ஊசியை ஊசியாக இல்லாமல் ஆக்குவது.

முதல் வேலையைச் செய்வது ‘ஆட்டோகிளேவ்’. வீட்டு பிரஷர் குக்கரின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. மூடி அழுத்தம் கொடுத்தால் நீராவி 121 டிகிரிக்குப் போகும். அந்தச் சூட்டு நீராவி, கொதிநீரில் தப்பிவிடும் கிருமி விதைகளையும் அழித்துவிடும். விதிகளின்படி, சாதாரண வகை ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் குறைந்தது 60 நிமிடம் வைக்க வேண்டும். அல்லது 185 டிகிரி உலர்ந்த வெப்பத்திலும் செய்யலாம். அப்படியானால் வீட்டுக் குக்கரிலேயே வேகவைத்துக் குப்பையில் போடலாமே என்று யாருக்காவது தோன்றினால், வேண்டாம்: சோறு வைக்கும் பாத்திரம் கெடும், ஊசியின் கூர்மை அப்படியே இருக்கும்.

அந்தக் கூர்மையைப் போக்குவதுதான் இரண்டாவது வேலை. இயந்திரத்தில் போட்டுத் துண்டாக்குவார்கள், அல்லது உலோகப் பெட்டிக்குள்ளோ சிமென்ட் கான்கிரீட்டுக்குள்ளோ வைத்து இறுக மூடிவிடுவார்கள். இரும்பு உருக்கும் ஆலைக்கு அனுப்புவதும் உண்டு. வீட்டில் இதில் எதுவும் சாத்தியமில்லை. வீட்டில் நம்மால் முடிவது, அங்கே போய்ச் சேரும்வரை ஒருவரையும் குத்தாதபடி அடைத்துக் கொடுப்பது.

ஒருவேளை குத்திவிட்டால்

வீட்டில் யாருக்காவதோ, குப்பை எடுக்க வந்தவருக்கோ பிறர் போட்ட ஊசி குத்திவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காயத்தைப் பிதுக்கி ரத்தம் எடுக்க வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம், ஸ்பிரிட், டெட்டால், ப்ளீச்சிங் எதையும் ஊற்ற வேண்டாம். இவை திசுவைப் புண்ணாக்கும். கிருமி உள்ளே போவதைத் தடுக்காது.

உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். “நாளை பார்க்கலாம்” என்பது இங்கே செல்லாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால், அதை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறப்பு. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பலன் இருக்காது. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவருக்குத் தடுப்பூசியும், தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்புப் புரத ஊசியும் போடுவார்கள்; அது முதல் 24 மணி நேரத்தில் போட்டால் நல்லது. ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் இப்போது மாத்திரையாலேயே குணமாகிறது. 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அந்த மருந்து இலவசம். அன்றே ஒரு ரத்தப் பரிசோதனையும், பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதத்தில் மறு பரிசோதனையும் சொல்வார்கள். தவறவிடக் கூடாது. சந்தேகம் கேட்க 1097 என்ற தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

யாருடைய ஊசி என்று தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் ரத்தத்தைப் பரிசோதித்து நோய் எதுவும் இல்லை என்று தெரிந்தால், குத்துப்பட்டவருக்கு 28 நாள் மருந்தும் ஆறு மாதப் பயமும் தேவைப்படாது.

குழந்தைகளுக்கான ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாடு முழுவதும் வழக்கமான பட்டியலில் சேர்ந்தது 2011 வாக்கில்தான். அதற்கு முன் பிறந்த பெரியவர்களில் மிகப் பலர் போட்டிருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் அடுத்தவருக்கு ஊசி போட்டுவிடுபவர் யாரோ, அவர் முதலில் இந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளட்டும்: மூன்று தவணை, முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம்.